ஏழாம் நம்பர் வீட்டுக்கு மூணாம் படி

உக்காரு கண்ணு, உக்காரு. சன்னல் சீட்டு வேணுமா? வேணாமா? நல்லதாப் போச்சு. ஒரு மரியாதைக்குக் கேட்டேன், எந்திரிக்கறதா இல்லை. பையை மேல வெக்காத, பஸ்ஸு திரும்பறப்ப யாரு மண்டையிலயாச்சும் வுழும். இங்க குடு, என்ற காலுக்கடியில இருக்கட்டும்.

நீ எதுவரைக்கும்? உடுமலையா? அட, நானும் உடுமலைதான்.

இல்ல கண்ணு, அங்க ஒறம்பரை, சொந்தக்காரங்கன்னு யாரும் இல்ல. கோயிலுக்கும் போகல. ஆஸ்பத்திரியா? ஏன் அப்படிப் பாக்கற, உடம்பு நல்லாத்தான் இருக்குது. சும்மா போறேன். எறங்கி ஒரு டீ குடிப்பேன், அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிருவேன். சிரிக்காத. இதைக் கண்டுபுடிச்சவ நானில்ல, பக்கத்து வீட்டு அமலா. அதைச் சொல்லோணும்னா எங்க லைன் வீட்டுக்கு ஆராய்ச்சிக்காரங்க வந்த கதையிலருந்து சொல்லோணும். பல்லடம் வர்றதுக்குள்ள முடிஞ்சுரும். முடியலீன்னா உடுமலை வரைக்கும் கேளு, எறங்கியா ஓடீருவே?

நாங்க திருப்பூர்ல நல்லூர்ப் பக்கம் இருக்கறோம். ஒரே வரிசையில எட்டு வீடு. எங்களுது ஆறாம் நம்பர். நானு, எங்கூட்டுக்காரரு, ரெண்டே பேரு. பையன் பெங்களூருல இருக்கறான். எங்கூட்டுக்காரரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டரு. நான் ஊட்டுல உக்காந்தே பிசிறு வெட்டறேன். தைச்ச பொறவு பனியன்ல நூலு நீட்டிக்கிட்டு நிக்குமில்ல, அதைக் கத்தரிக்கற வேலை. காத்தால மூட்டையக் கொண்டாந்து போடுவாங்க, சாயங்காலம் எடுத்துட்டுப் போவாங்க.

ஏழாம் நம்பர்ல அமலா. முழுப் பேரு அமலோற்பவம். திண்டுக்கல்லுப் பக்கம். செக்கிங் செக்‌ஷன்ல வேலை, காத்தால எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டுக்குத்தான் வருவா. புருசன் எர்ணாகுளத்துல ஹோட்டல்ல சமையல். ரெண்டு மாசத்துக்கொருக்கா வருவாரு. புள்ள நர்சிங் படிக்குது, ஹாஸ்டல்ல. ஆக, அந்த வீட்டுல இவ ஒருத்திதான். ஒண்டியாச் சமைச்சு, ஒண்டியாச் சாப்புட்டு, ஒண்டியாக் கதவைச் சாத்திக்குவா. எனக்கு அவளைப் பாத்தாலே மனசு பொக்குனு போயிரும். நானா ஏதாச்சும் ஒரு குழம்பு, ஒரு பொரியல்னு கொண்டுபோய்க் குடுத்துட்டே இருப்பேன். அவளும் சிரிச்சுட்டே வாங்கிக்குவா. அவளைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்லைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இப்பவும் முக்காவாசி தெரியும்.

சித்திரை மாசம் ஒரு பையன் வந்தான். கையில ஒரு அட்டை. வீடு வீடா நம்பரையும் பேரையும் எழுதிக்கிட்டான். எதுக்கு தம்பின்னு கேட்டதுக்கு, மெட்ராஸ்ல ஒரு ஆராய்ச்சி ஆபீசுங்க, சனங்க அன்னாட வாழ்க்கையில எப்படி முடிவெடுக்கறாங்கன்னு கண்டுபுடிக்கறாங்க, இதுல சில வீட்டைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும், அந்த வீட்டுக்கு மட்டும் ஒரு மேடம் வந்து கேள்வி கேப்பாங்கன்னு சொன்னான்.

நான் ரெண்டு வாரமாக் காத்திருந்தேன் கண்ணு. தினமும் வாசலைப் பெருக்கித் தண்ணி தெளிச்சு வெச்சேன். எட்டு வீட்டுல பதில் சொல்றதுக்கு விசயமுள்ள ஆளு யாருன்னு நீயே சொல்லு. ஒண்ணாம் நம்பர்ல காது கேக்காது. மூணாம் நம்பர்ல எதைக் கேட்டாலும் அழுவாங்க. கம்ப்யூட்டரு என்ன பண்ணுச்சு? ஏழாம் நம்பரைத் தேர்ந்தெடுத்துச்சு. பகல்ல ஆளே இல்லாத வீட்டை!

வந்த புள்ள பேரு பிருந்தா. பெருந்துறைக்காரப் புள்ள. இருவத்திரெண்டு, இருவத்திமூணு வயசிருக்கும். மொதல் நாளு மத்தியானம் வந்து பூட்டைப் பாத்துட்டுப் போயிருச்சு. நான் குளிச்சுக்கிட்டிருந்தேன், எனக்குத் தெரியாது, ரெண்டாம் நம்பர்க்காரி சொன்னா. மறுநாளு பத்து மணி இருக்கும். ஏழாம் நம்பர் வாசப்படியிலதான் அந்நேரத்துக்கு நெழலு. எப்பவும் அங்கதான் உக்காந்து பிசிறு வெட்டுவேன். அந்தப் புள்ள வேர்த்து வடிய வந்து நின்னுச்சு.

"ஏழாம் நம்பர் இதுதானுங்களா?"

"ஆமா."

"அமலோற்பவம்ங்கறது நீங்கதானுங்களா?"

கண்ணு, நான் பொய் பேசற ஆளு இல்ல. ஆனா அந்தப் புள்ளையோட மூஞ்சியை நீ பாக்கல. வெயில்ல செவந்து போய், உதடு காஞ்சு போய் நிக்குது. அவ ராத்திரி எட்டுக்குத்தான் வருவான்னு சொன்னா இந்தப் புள்ள எட்டு மணிக்கு வந்துட்டு எப்ப பெருந்துறை போய்ச் சேரும்? அந்த எரக்கத்துலதான் சொன்னேன். வேற எதுக்கும் இல்ல.

"நாந்தான் கண்ணு, உக்காரு"ன்னேன்.

ஒண்ணேகால் மணி நேரம் கேட்டுச்சு. அப்பப்பா, என்ன கேள்விங்கற! இன்னிக்கு என்ன கொழம்பு வெக்கறதுன்னு யாரு முடிவு பண்றது? ஒரு பொருளு வாங்கோணும்னா யாரைக் கேப்பீங்க? ஒடம்பு சரியில்லீன்னா ஆஸ்பத்திரிக்கு நீங்களாப் போவீங்களா, யாராச்சும் போன்னு சொல்லோணுமா? போன மாசத்துல உங்களுக்குன்னு ஒரு நாளாச்சும் ஒதுக்கினீங்களா? சீலை எடுக்கறப்ப கலரு யாரு எடுக்கறது? ஒரு கேள்வி கேட்டுட்டு, நான் சொல்ற வரைக்கும் என்ற மூஞ்சியவே பாத்துட்டிருக்கும். நடுவுல பேசாது. நான் யோசிச்சா அதுவும் கம்முனு இருக்கும். அம்பத்திரெண்டு வயசுல அப்படி ஒருத்தரும் என்றகிட்ட உக்காந்து கேட்டதில்ல. அமலாகிட்டயும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, பாவம்.

எல்லாத்துக்கும் அமலாவை மனசுல நெனச்சுத்தான் சொன்னேன். கொழம்பு யாரு முடிவுன்னதுக்கு, "அவருக்கு என்ன புடிக்குமோ அதுதான்"ன்னேன். தனியா எங்கயாச்சும் போவீங்களான்னதுக்கு, "எங்க போறது? வாசலத் தாண்டறதுன்னாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவேன்"ன்னேன். சீலைக் கலரு? "அவரு எடுத்தா எடுத்ததுதான், எல்லாம் பச்சையிலயே வரும்"ன்னேன்.

ஒரு கேள்விதான் மடக்கிருச்சு. கடைசியா உங்க சொந்த வேலையா, நீங்களா முடிவு பண்ணி, தனியாப் போயிட்டு வந்தது எப்போ, எங்கேன்னு கேட்டுச்சு. அமலா எங்க போனாளோ எனக்கு எப்படித் தெரியும்? இவ ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போனா சாயங்காலம் வருவா, அம்புட்டுத்தான் தெரியும். அது சாமி காரியம், சொந்த வேலையில சேராது. ஏதாச்சும் ஒண்ணு சொல்லியாகோணுமேன்னு, என்றதை ஒண்ணு எடுத்து அவளுக்குக் குடுத்தேன். பத்தொம்போது வயசுல டைப்ரைட்டிங் பரீட்சை எழுதறதுக்குத் தாராபுரம் போனது. எங்கப்பனுக்குத் தெரியாமப் போனது. அதைச் சொன்னேன். புள்ள எழுதிக்கிச்சு.

கடைசியா ஒரு ஏணி. "அக்கா, பத்துப் படி இருக்கற ஏணின்னு நெனச்சுக்கங்க. மேல பத்தாம் படின்னா உங்களுக்குக் கெடைக்கக்கூடிய ரொம்ப நல்ல வாழ்க்கை. கீழ ஒண்ணாம் படின்னா ரொம்ப மோசம். நீங்க எந்தப் படியில நிக்கறீங்க?"

நான் அமலாவை நெனச்சேன். பூட்டுன வீடு, ஒத்தத் தட்டு, ஒத்த டம்ளர். "மூணு"ன்னேன்.

அந்தப் புள்ள மெதுவா என்ற கையைப் புடிச்சு ஒரு அழுத்து அழுத்துச்சு. எனக்கென்னமோ கண்ணுல தண்ணி வந்துருச்சு. அமலாவுக்காக.

ராத்திரி அமலா வந்ததும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அவ அசந்து போய் வந்தா. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வுட்டேன். அடுத்த நாளு மழையில துணி காயல, அதுல மறந்துட்டேன். அப்படியே போயிருச்சு. ஆனா மூணாம் படியில நிக்கறாளேன்னு நெனச்சு நெனச்சு, வாரத்துக்கு நாலு நாளு கொழம்பு கொண்டுபோனேன். "அக்கா, ஃப்ரிட்ஜுல எடமில்லக்கா"ன்னா. கூச்சப்படறான்னு நெனச்சுக்கிட்டேன்.

ஆடியில ரெண்டாவது தடவை வந்துச்சு பிருந்தா. மூணு மாசத்துக்கொருக்கா அதே ஆளுகிட்ட அதே கேள்வியக் கேக்கோணுமாம், ஏதாச்சும் மாறியிருக்குதான்னு பாக்கறதுக்கு. வர்றப்ப எனக்குப் பட்டாணி வறுத்தது ஒரு பொட்டலம் வாங்கிட்டு வந்துச்சு. "அமலாக்கா, போன தடவை பேசினதுலருந்து உங்களை அடிக்கடி நெனப்பேன்"னுச்சு. இனி எப்படி நான் வசந்தாமணின்னு சொல்றது? நீயே சொல்லு. மறுக்கா ஒரு மணி நேரம். இந்தத் தடவையும் மூணுதான். நாலு சொல்லலாம்னு பாத்தேன், மனசு வரல.

ஆவணியிலதான் வந்துச்சு வினை.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். எங்கூட்டுக்காரரு டீ குடிச்சுட்டு வெளிய சேர்ல உக்காந்திருக்கறாரு. நான் உள்ள மாவாட்டறேன். ஒரு பைக்குல கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்து, ஏழாம் நம்பர்க் கதவைத் தட்டறாரு. அமலா அப்பத்தான் வந்து மூஞ்சி கழுவிட்டிருந்தா. அவரு ஆராய்ச்சி ஆபீசு சூப்பர்வைசராம். பத்து வீட்டுக்கு ஒரு வீடு அவரே நேருல வந்து, நாலஞ்சு கேள்வி மறுக்காக் கேட்டுச் சரி பாப்பாராம். இப்படி ஒண்ணு இருக்குதுன்னு பிருந்தா எனக்குச் சொல்லவே இல்ல.

"அமலோற்பவம்ங்களா? போன மாசம் எங்க பொண்ணுகிட்டப் பேசினீங்களே."

"யாருகிட்ட?"ன்னா அமலா.

கிரைண்டரை அமத்திட்டுக் கேட்டேன். சுவத்தோட காதை ஒட்டி வெச்சேன்.

அவரு கேக்கறாரு, அவ சொல்றா. சுவத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெளிவாக் கேக்குது. கொழம்பு யாரு முடிவு? "நான்தான் சார், நான் மட்டுந்தானே சாப்பிடுறேன்." சீலை? "எனக்குப் புடிச்ச கலரு." தனியாப் போறது? "வாராவாரம் போவேன் சார். பூசை முடிஞ்சதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி, எந்த பஸ்ஸு மொதல்ல நிக்குதோ அதுல ஏறிக் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போவேன். எறங்கி ஒரு டீ. அப்படியே திரும்பிருவேன். இன்னைக்குக் காங்கேயம் போனேன்."

நான் மாவுக் கையோட நின்னுட்டேன் கண்ணு. பத்து வருசம் பக்கத்து வீடு. சர்ச்சுல முழங்காலு போட்டு அழுதுட்டிருக்கறான்னு நான் நெனச்சுட்டிருக்கறேன். இவ காங்கேயத்துல டீ குடிச்சுட்டிருந்திருக்கறா.

ஏணியைக் கேட்டாரு. "எட்டு"ன்னா. யோசிக்கவே இல்ல. "அவரு இங்கயே வேலைக்கு வந்துட்டா ஒம்போது சார். ஆனா வந்தா ஞாயித்துக்கிழமை போயிரும், அதனால எட்டே இருக்கட்டும்"னு சிரிக்கறா.

சூப்பர்வைசர் சிரிக்கல. போனை எடுத்துப் பிருந்தாவைக் கூப்புட்டாரு. அந்தப் புள்ள பக்கத்துத் தெருவுலதான் வேற வீட்டுல கேட்டுட்டிருந்திருக்குது. பத்து நிமிசத்துல வேகு வேகுன்னு வந்துச்சு. ஏழாம் நம்பர் வாசல்ல அமலாவைப் பாத்து, "இவங்க யாருங்க?"ன்னு கேட்டுச்சு. அதோட முடிஞ்சுது. சூப்பர்வைசர் அந்தப் புள்ளையைப் புடிச்சுக்கிட்டாரு.

"ஆளையே பாக்காம எழுதியிருக்கே. மரத்தடியில உக்காந்து நீயே டிக் அடிச்சியா? இவங்க எட்டுங்கறாங்க, நீ ரெண்டு தடவையும் மூணு எழுதியிருக்கே. இந்தம்மா வாராவாரம் பஸ்ஸுல போறாங்க, நீ வாசலைத் தாண்டறதில்லைன்னு எழுதியிருக்கே. நாளையிலருந்து வர வேணாம். இதுவரைக்கும் நீ எழுதின அத்தனை வீட்டையும் தூக்கிப் போடோணும்."

"சார், சத்தியமா நான் பேசினேன் சார். இதே படியில உக்காந்து பேசினேன் சார்."

"யாருகிட்ட?"

அந்தப் புள்ள லைன் வீட்டை ஒவ்வொண்ணாப் பாத்துட்டு அழுவுது. ரெண்டாம் நம்பர், அஞ்சாம் நம்பரெல்லாம் வெளிய வந்து நிக்குது. நான் என்ன பண்ணினேன்னு கேக்கறியா? உள்தாப்பாளைப் போட்டேன். உன்றகிட்டச் சொல்றதுக்கென்ன. போட்டுட்டுக் கிரைண்டரை மறுக்காப் போட்டேன், சத்தம் கேக்காம இருக்கட்டும்னு. மாவு ஏற்கனவே அரைஞ்சிருச்சு. அரைஞ்ச மாவே சுத்திட்டிருக்குது. அந்தப் புள்ள வாங்கிட்டு வந்த பட்டாணிப் பொட்டலம் அலமாரியில பாதி அப்படியே இருக்குது. அதைப் பாத்தேன். கிரைண்டரை அமத்தினேன். தாப்பாளை எடுத்தேன்.

வெளிய வந்து, "நாந்தானுங்க அமலோற்பவம்"னேன்.

அத்தனை பேரும் திரும்பறாங்க. எங்கூட்டுக்காரரு சேர்லருந்து எந்திரிச்சு, "ஏம்புள்ள, என்னாச்சு உனக்கு?"ங்கறாரு, காச்சல் வந்து பெனாத்தறவளைப் பாக்கற மாதிரி.

பிருந்தா ஓடி வந்து கையைப் புடிச்சுது. "இவங்கதான் சார்! அமலாக்கா, இவங்கதான்!"

சூப்பர்வைசர் நம்பல. "பக்கத்து வீட்டம்மா, பாவப்பட்டுச் சொல்றீங்க. சரி, நீங்கதான் பேசினதுன்னா நான் கேக்கறேன், பதில் சொல்லுங்க. இதுல எழுதியிருக்கறதோட ஒத்துப் போகுதான்னு பாக்கறேன்"னாரு. கையில பலகை மாதிரி அகலமா ஒரு போனு, பிருந்தா எழுதினதெல்லாம் அதுலதான் இருக்குது.

இப்ப யோசிச்சுப் பாரு. முன்னால அமலா. பக்கத்துல எங்கூட்டுக்காரரு. சுத்தி லைன் வீடு முச்சூடும். நான் தப்பாச் சொன்னா அந்தப் புள்ளைக்கு வேலை போயிரும். சரியாச் சொல்லோணும்னா, அன்னிக்குச் சொன்னதை அப்படியே சொல்லோணும்.

"கொழம்பு யாரு முடிவு?"

"அவருக்கு என்ன புடிக்குமோ அதுதானுங்க."

"சரி. சீலை?"

"அவரு எடுக்கறதுதான். எல்லாம் பச்சையிலயே வரும்."

நான் கட்டியிருந்ததும் பச்சை. அஞ்சாம் நம்பர்க்காரி வாயப் பொத்திக்கிட்டா. எங்கூட்டுக்காரரு என்ற சீலையக் குனிஞ்சு பாக்கறாரு.

"தனியாப் போயிட்டு வந்தது?"

"பத்தொம்போது வயசுலங்க. டைப்ரைட்டிங் பரீட்சை, தமிழ் லோயர். தாராபுரம்."

சூப்பர்வைசர் போனைப் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. "தாராபுரம்னே இருக்குது"ன்னாரு.

"நீ டைப்ரைட்டிங் படிச்சயா?" எங்கூட்டுக்காரரு.

"கொஞ்சங்க."

"என்றகிட்டச் சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கலீங்க."

முப்பத்திரெண்டு வருசம் ஆச்சு கண்ணு எங்களுக்குக் கண்ணாலமாகி. அவரு மேல தப்பில்ல. கேக்கறதுக்கு அதுல என்ன இருக்குது?

"கடைசி கேள்வி. ஏணியில எத்தனாவது படி?"

எங்கூட்டுக்காரரு பாத்துட்டே நிக்கறாரு. நல்ல மனுசன், குடி கெடையாது, கை நீட்டினதில்ல, சம்பளத்தை வாங்கினா நேரா ஊட்டுக்குத்தான். அவரு முன்னால எப்படிச் சொல்றது? அந்தப் புள்ள என்ற கையை வுடல, சில்லுனு இருக்குது அதோட கை.

"மூணு"ன்னேன்.

"மூணேதான்"னாரு சூப்பர்வைசர். போனை அமத்திப் பாக்கெட்டுல வெச்சாரு.

நான் எங்கூட்டுக்காரரு பக்கம் திரும்பினேன். "அது அமலாவுக்குச் சொன்னதுங்க. எனக்கில்ல. அவ ஒண்டியா இருக்கறாளேன்னு..."

"எனக்கு எட்டுக்கா"ன்னா அமலா.

அதை அப்பவே சொல்லோணுமா அவ? நான் மானத்தைக் காப்பாத்தப் பாக்கறேன், இவ மார்க்கு போடறா.

சூப்பர்வைசர் ரொம்ப நேரம் பேசினாரு. பேரை மாத்திச் சொல்றது தப்புங்கம்மா, உங்க ஒரு பதிலு தப்பானா எங்க கணக்கு எங்கயோ போயிரும்னாரு. நான் மன்னிச்சுக்கங்கன்னேன். பிருந்தாவுக்கு வேலை போகல. ஆளோட அடையாளக் கார்டைப் பாக்காம எழுதினதுக்குத் திட்டு மட்டுந்தான். ஏழாம் நம்பருக்கு ரெண்டு தடவை எழுதினதையும் அழிச்சுட்டாங்க. போறப்ப அந்தப் புள்ள என்றகிட்ட வந்து, "அக்கா, உங்க பேரு என்னங்க?"ன்னு கேட்டுச்சு. வசந்தாமணின்னேன். அதை எங்கயும் எழுதிக்கல, சும்மாதான் கேட்டுச்சு. ஒருக்கா சொல்லிப் பாத்துட்டுப் போச்சு.

குடிமங்கலம் வந்துருச்சா? பாரு, கரண்டு எடுக்கற காத்தாடி எல்லாம் சுத்தறதை. பல்லடம் எப்ப போச்சுன்னே தெரியல.

அன்னிக்கு ராத்திரி அமலா எங்கூட்டுக்கு வந்தா. நான் தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்கறேன். "அக்கா, நான் அவ்வளவு பரிதாபமாவா இருக்கேன்?"னு கேட்டா. கோவமில்ல, ஆனா சிரிக்கவும் இல்ல. "நீ ஒண்டியாச் சாப்புடறே"ன்னேன். "ஆமாக்கா, காலை நீட்டிக்கிட்டு, டிவியைப் பாத்துக்கிட்டு, எனக்குப் புடிச்ச கருவாட்டை வறுத்துச் சாப்பிடுறேன். நீங்க கடைசியா எப்பக்கா உக்காந்து சாப்பிட்டீங்க?"ன்னா. நான் அதைக் கணக்குல எடுத்துக்கல. வெடுக்குனு பேசறது அவ ஊருப் பழக்கம். அப்பறம் அவளே, "கொழம்பை நிறுத்துங்க, நெசமாவே எடமில்ல"ன்னா. நிறுத்திட்டேன்.

எங்கூட்டுக்காரருதான் மூணு நாளு பேசல. கோவமான்னா கோவமில்ல. சாப்புடறப்ப என்னையே பாக்கறாரு. நாலாம் நாளு ராத்திரி சோத்துத் தட்டை நகத்தி வெச்சுட்டு, "டைப்படிக்கறவங்க கையைப் பாக்காமயே அடிப்பாங்களாமா?"ன்னாரு. ஆமாங்கன்னேன். "எப்படி?"ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கையைத் தொடைச்சுட்டுத் தட்டுக்குப் பக்கத்துல தரையில வெரலை வெச்சு, கண்ணை மூடிட்டு, டைப்புல மொதப் பாடம், யளனக, யளனகன்னு அடிச்சுக் காட்டினேன். வெரலு மறக்கல கண்ணு! எனக்கே ஆச்சரியம். கண்ணைத் தொறந்து பாத்தா அவரு என்ற வெரலையே பாத்துட்டிருக்கறாரு, நகை பாக்கற மாதிரி. "பாஸாயிட்டயா?"ன்னாரு. "தெரியலீங்க. ரிசல்ட்டு வர்றதுக்குள்ள நீங்க பொண்ணு பாக்க வந்துட்டீங்க"ன்னேன்.

அதுக்கப்பறம் அவரோட தொல்லை தாங்கல. எதையெடுத்தாலும் என்னைக் கேக்கறாரு. என்ன கொழம்பு வேணும் உனக்கு? ஃபேனு ரெண்டா மூணா? பேப்பர்க்காரனை நிறுத்தலாமா? வேலை நேரத்துல கம்பெனியிலருந்து போன் பண்ணி, "பச்சையில்லாம என்ன கலரு புடிக்கும்?"ங்கறாரு. எனக்கு ஒரு கலரும் நெனவுக்கு வரல. நாளைக்குச் சொல்றேன்னு வெச்சுட்டேன். மூணு நாளு யோசிச்சு அரக்குன்னு சொன்னேன். எடுத்துட்டு வந்தாரு. கட்டியிருக்கறேனே, இதுதான். நல்லாருக்குதா? நெசமா?

ஞாயித்துக்கிழமை அமலா கூப்புட்டா, ரெண்டு தடவை அவகூடப் போனேன். ஒருக்கா அவிநாசி, ஒருக்கா ஊத்துக்குளி. இன்னிக்கு அவ புருசன் வந்திருக்கறாரு, அவ வரல. நீங்களே போயிட்டு வாங்கக்கான்னா. அதான் தனியா. எங்கூட்டுக்காரருதான் பஸ் ஏத்தி வுட்டாரு. டிரைவருகிட்டப் போய், பாத்து ஓட்டுங்கன்னு வேற சொல்லிட்டு வர்றாரு.

நீ உடுமலையில எறங்கி அப்பறம் எங்க போகோணும்? அமராவதி அணைப் பக்கமா? அம்மா ஊடா? அங்க என்ன இருக்குது பாக்கறதுக்கு?

முதலையா?

நெசமான முதலை? எத்தனை? அத்தனையுமா? வாயத் தொறந்துட்டுப் படுத்திருக்குமா? கம்பி போட்டிருக்கறாங்களா நடுவுல? ஏன் கண்ணு, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை தொறந்திருப்பாங்களா? நீ போற பஸ்ஸு அந்த வழியாத்தான் போகுமா? திரும்பறதுக்குப் பஸ் இருக்குதா? நாலு மணிக்குள்ள உடுமலை வந்துருவேனா?

ச்சே, முதலை பாக்கற ஆசையெல்லாம் எனக்கில்ல. அமலா இங்க வந்ததே இல்ல. போய்ப் பாத்து வெச்சா அவளுக்குச் சொல்லலாம். அவளுக்காகத்தான்.

இரு, போனு அடிக்குது. எங்கூட்டுக்காரரு. உடுமலை வர்ற நேரம் பாத்துப் பண்றாரு.

ஏனுங்க... ஆமாங்க, உடுமலை வந்துருச்சுங்க. பஸ் ஸ்டாண்டுக்குள்ள போகுது... டீ இனிமேத்தானுங்க. ஏனுங்க, நான் உடனே திரும்பல. இங்கிருந்து அமராவதி போறேன்... முதலைங்க... மு, த, லை... ஆமாங்க, அதேதான். ஒரு புள்ள கூட வருது... இல்லீங்க, இல்லீங்க, போகட்டுமான்னு நான் கேக்கலீங்க. சொல்றேன்.

வெச்சுட்டாரு. என்ன சொன்னாருன்னு கேக்கறியா? பக்கத்துல போய் நிக்காதன்னாரு. அப்பறம், போட்டோ எடுத்துட்டு வரச் சொன்னாரு. எனக்குப் போன்ல போட்டோ எடுக்கத் தெரியாது. நீ எடுத்துக் குடுப்பயில்ல? எறங்கு, எறங்கு, அமராவதி பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும்?